மல்லாட்டை உரித்த இரவுகள்

வடக்கனந்தல் பக்கம்
14.10.1987, இரவு

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

முதலில் ஒரு சத்தியம் வேண்டும். இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள். அம்மாவுக்கு எழுதும்போது கை தவறிக்கூட ஒரு வார்த்தை வந்துவிடக் கூடாது. படித்ததும் அடுப்பில் போட்டுவிட்டு, போட்டேன் என்று எனக்கு எழுதுங்கள்.

அப்பா, அம்மா, பசு, கன்று எல்லாரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். மலையில் மழை விடாததால் உங்களுக்குச் சளி என்று அம்மா சொன்னாள். தேவலையா?

எனக்குத் தூக்கம் வருவதில்லை. இன்றோடு ஒன்பது இரவு.

போன மாதம் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்ததே, அப்போது எங்கள் ஊர் எல்லையில் இருந்த புளியமரத்தை அறுத்து ரோட்டில் போட்டார்கள். நின்றபோது தெரியாத அதன் உயரம் படுத்தபோதுதான் தெரிந்தது. ஒரு முனையில் நின்று பேசினால் மறுமுனையில் இருப்பவருக்குக் கேட்காது. மூன்று நாள் கிளிகள் அந்த மரம் இருந்த வெறும் காற்றையே சுற்றிக்கொண்டிருந்தன.

மறியல் முடிந்த பிறகு, பட்டியலில் பேர் உள்ள ஆண்களைப் பிடிக்கப் போலீஸ் ராத்திரியில் வர ஆரம்பித்தது. பகலவன் அண்ணன் பேரும் இருந்தது. அதனால் தெருவில் வீட்டுக்கு ஒரு பெண் சன்னலில் காவல். பத்தாவது படிக்கிற பிள்ளை, விளக்கு எரிந்தாலும் சந்தேகம் வராது என்று எங்கள் வீட்டில் என்னை உட்கார வைத்தார்கள். அண்ணன் மாட்டுக் கொட்டகையில் படுப்பான். அவன் கால் கட்டைவிரலில் ஒரு சணல் கயிறு. மறுமுனை என் கையில். ஏரிக்கரையில் ஜீப் வெளிச்சம் திரும்பினால் நான் இழுக்க வேண்டும், அவன் கரும்புக்குள் ஓடிவிடுவான்.

"இன்னாடி, தூண்டில்ல மீன கட்டிக்கினு உக்காந்தாப்ல உக்காந்துக்கினு இருக்க" என்று அண்ணன் சிரிப்பான். பன்னிரண்டு இரவு இப்படிப் போனது.

ஐந்தாம் தேதி ஜீப் வந்தது. அண்ணனைக் கூட்டிப்போனார்கள். இப்போது கடலூர் ஜெயிலில் இருக்கிறான். "பாப்பா இழுத்துக்கினேதான் இருந்திருக்கும். இடி வுழுந்தாலும் அவன் எழுந்துக்க மாட்டானே" என்று அம்மா எல்லாரிடமும் சொல்கிறாள். நான் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுகிறேன்.

இனிமேல் காவல் வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். ஆனால் விளக்கை அணைத்ததும் என் கண் திறந்துகொள்கிறது. நான் தூங்கினால் அடுத்து அப்பாவைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று நெஞ்சு அடிக்கிறது. பகலில் வகுப்பில் தலை சாய்கிறது. மார்ச்சில் பொதுத் தேர்வு.

உங்களிடம் மருந்துப் பெட்டி இருக்கிறது. தூக்க மாத்திரை பத்து அனுப்புங்கள். பதிலை வீட்டுக்குப் போடாதீர்கள். என்னோடு படிக்கிற செந்தமிழ்ச்செல்வியின் முகவரியைப் பின்னால் எழுதியிருக்கிறேன்.

உங்கள் பதிலுக்குக் கண்மூடாமல் (விளையாட்டுக்குச் சொல்லவில்லை) காத்திருக்கும்
மணிமொழி


கல்வராயன் மலை
23.10.1987

அன்பு மணிக்கு உன் சின்னம்மா செவ்வந்தி எழுதுவது.

அடுப்பில் போட்டேன். ஈர விறகு, இரண்டு முறை ஊத வேண்டியிருந்தது. சளி போய்விட்டது. தீபாவளிக்கு உங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைத்திருக்க மாட்டார்கள் என்று தெரியும். இங்கேயும் நான் ஒன்றும் செய்யவில்லை.

மாத்திரை அனுப்ப மாட்டேன். என்னிடம் இருப்பது காய்ச்சலுக்கும் இரத்தசோகைக்கும்தான். அந்த மாத்திரையே இருந்தாலும், டாக்டர் பார்க்காமல் பதினைந்து வயசுப் பிள்ளைக்குத் தர மாட்டேன். கோபித்துக்கொள்.

ஐந்து வருஷமாக இந்த மலையில் பிரசவம் பார்க்கிறேன். பிறந்து ஒரு மணி நேரமான பிள்ளை தூங்குவதைப் பார்த்தால் இன்னமும் என் கை வேலையை விட்டு நின்றுவிடும். பால் குடிக்கக்கூட அது பழக வேண்டியிருக்கிறது. தூங்க யாரும் காட்டிக் கொடுப்பதில்லை. எங்கிருந்தோ வரும்போதே எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறது. நீயும் அப்படித்தான் வந்தாய், உன்னை நான் பார்த்திருக்கிறேன். உன் தூக்கம் தொலைந்துபோகவில்லை. பயந்து எங்கேயோ ஒதுங்கி நிற்கிறது. துரத்தினால் இன்னும் தள்ளிப்போகும்.

அதனால் இப்படிச் செய். ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினாலும், தூங்கவே தூங்காவிட்டாலும், காலை ஐந்தரைக்கு எழுந்துவிடு. பால் சொசைட்டிக்கு அம்மாவுக்குப் பதில் நீ போ, விடிகிற வெளிச்சம் முகத்தில் படட்டும். ஞாயிற்றுக்கிழமைக்கும் விடுமுறை கிடையாது. பள்ளி விட்டு வந்து படுக்காதே. நாலு மணிக்கு மேல் டீயைத் தொடாதே. பாயில் உட்கார்ந்து படிக்கிற பழக்கத்தை விடு. பாய் தூங்க மட்டும்தான் என்று உடம்புக்கு விளங்க வேண்டும். கண் சொக்கினால் படு. வரவில்லையென்றால் புரண்டுகொண்டு கிடக்காதே. எழுந்து வேறு மூலைக்குப் போய், மங்கலான வெளிச்சத்தில், சலிப்பான வேலை ஏதாவது செய். விதைக்கு மல்லாட்டை மூட்டை வைத்திருப்பீர்களே, அதை உரி. (டாக்டர் வேர்க்கடலை என்பார். எனக்கு அது என்றைக்கும் மல்லாட்டைதான்.) கொட்டாவி வந்தால் மறுபடி பாய்க்கு வா. கடிகாரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வை. அது உனக்கு ஒரு உதவியும் செய்யாது.

நர்ஸாகச் சில கேள்விகள். சாப்பாடு இறங்குகிறதா? தலைவலி உண்டா? மாதாமாதம் தூரம் சரியாக வருகிறதா? ஐந்தாம் தேதி ஜீப் எத்தனை மணிக்கு வந்தது? ஒவ்வொன்றுக்கும் பதில் எழுது.

உன் தலையைத் தடவிக்கொண்டு,
செவ்வந்தி


4.11.1987, இரவு

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

இங்கே எல்லாருக்கும் சுகம். உங்களுக்கு இருமல் திரும்ப வரவில்லையே?

சாப்பாடு இறங்குகிறது. தலைவலி சாயங்காலம் மட்டும். தூரம் சரியாக வருகிறது.

கடிகாரத்தைத் திருப்பி வைத்தேன். "இன்னாடி இது, கடியாரத்துக்கு வெக்கமா?" என்று அம்மா கேட்டாள். முள் சத்தம் மனப்பாடம் பண்ணுவதைக் கெடுக்கிறது என்று சொல்லிவிட்டேன். பால் சொசைட்டிக்கு நான்தான் போகிறேன். மல்லாட்டையும் உரிக்கிறேன். முதல் இரவு இரண்டு படி, நேற்று மூன்று படி. காலையில் அம்மா குவியலைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு ஜெயம்மாள் அத்தையிடம் பெருமை பேசினாள். "அண்ணன் இல்லாத கொறைக்கு எம்பொண்ணு எவ்ளோ வேல செய்யிது பாரு." ஜெயம்மாள் அத்தை என் முகத்தை உற்றுப் பார்த்தது. "வேல செய்யிற புள்ள கண்ணா இது? ராத்திரி பூரா சினிமா பாத்துக்கினு வந்தாப்ல இருக்குது." அன்றைக்குச் சாயங்காலம் என் கையில் ஒரு கறுப்புக் கயிறு ஏறிவிட்டது.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். தூக்கம் வராவிட்டாலும் ராத்திரி இவ்வளவு பெரியது என்று எனக்கு முன்பு தெரியாது. நேற்று சன்னலுக்கு வெளியே கரும்பு வண்டிகள் வரிசையாகப் போயின. ஒவ்வொரு வண்டிக்கு அடியிலும் ஒரு அரிக்கன் விளக்கு ஆடிக்கொண்டு போனது. ஏழு வண்டி எண்ணினேன். ஏழு வண்டிக்காரர்களும் கரும்பின்மேல் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். மாடுகள்தான் வழி பார்த்து, பள்ளம் ஒதுங்கி, திருப்பத்தில் திரும்பிப் போயின. அவ்வளவு உயரத்தில், அவ்வளவு ஆட்டத்தில், இரண்டு மாட்டை நம்பி ஒரு மனிதர் தன்னை முழுக்க விட்டுவிட முடிகிறது. கடைசி வண்டி மறைந்த பிறகும் நின்றுகொண்டிருந்தேன்.

விடிகிற நேரத்தில் ஒரு மணி நேரம் போலத் தூங்குகிறேன் என்று நினைக்கிறேன். இதையும் அடுப்பில் போடுங்கள்.

மணிமொழி


12.11.1987

அன்பு மணி,

நான் நன்றாக இருக்கிறேன், நீ விதைக்கு உரிக்கும் மல்லாட்டையைத் தின்றுவிடாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். ஐந்தரைக்கு எழுவதை விடாதே. ஒரு மணி நேரம் இரண்டாகும்.

நான் நாலு கேள்வி கேட்டேன். மூன்றுக்குப் பதில் வந்திருக்கிறது. அவசரமில்லை.

செவ்வந்தி


30.11.1987, இரவு

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

எல்லாரும் நலம். மழை ஜாஸ்தி. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?

உங்கள் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. மூன்று முறை எழுதி மூன்று முறையும் கிழித்தேன்.

ஜீப் எத்தனை மணிக்கு வந்தது என்று எனக்குத் தெரியாது. நான் தூங்கிவிட்டேன்.

கயிறு கையில்தான் இருந்தது. இழுக்கவில்லை. அம்மா அலறிய சத்தத்தில் கண் விழித்தேன். அண்ணன் ஏற்கெனவே ஜீப்பில் உட்கார்ந்திருந்தான். என்மேல் ஒரு போர்வை இருந்தது. எப்போது எடுத்துப் போர்த்திக்கொண்டேன் என்றுகூட நினைவில்லை. காவலுக்கு உட்கார்ந்தவள் போர்வை போர்த்திக்கொண்டு தூங்கியிருக்கிறேன்.

அம்மா அண்ணனைத்தான் குறை சொல்கிறாள். அப்பா ஜெயிலில் மனுப் போட்டு அவனைப் பார்க்கக் கடலூருக்குப் போய்வந்தால், "தூங்குமூஞ்சி எப்படி இருக்கான்?" என்றுதான் முதலில் கேட்கிறாள். நான் மல்லாட்டை உரித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன்.

இதை அடுப்பில் போட்டால் போதாது. சாம்பலையும் கொட்டிவிடுங்கள்.

மணிமொழி


6.12.1987

என் மணிக்கு,

சாம்பல்கூட இல்லை. நான் சுகம்.

உன் வயசுப் பிள்ளை பன்னிரண்டு இரவு முழித்திருந்ததே அதிகம். பதின்மூன்றாவது இரவு உடம்பு உன்னைக் கேட்காமல் எடுத்துக்கொண்டுவிட்டது. இதைச் சொன்னால் உன் மனசு ஆறாது என்றும் எனக்குத் தெரியும். அதனால் வேறு ஒன்று சொல்கிறேன்.

இங்கே என் துணை சுகாதார நிலையத்துக்குப் பின்னால் சாலம்மாளின் மரவள்ளிக் கொல்லை இருக்கிறது. காட்டுப்பன்றிக்காகப் பரண் கட்டி, வருஷத்தில் நாலு மாதம் ராத்திரிக் காவல். எட்டுப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு பார்க்கிறார்கள். ஒருவர்கூடத் தூக்கம் கெட்டு என்னிடம் வந்ததில்லை. எப்படி என்று கேட்டேன். அவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. அடுத்த முறைக்காரி பரணுக்குக் கீழே வந்து நின்று, "வந்துட்டேன், எறங்கு" என்பாள். மேலே இருப்பவள் பதில் பேசாமல் இறங்கி, கொல்லையைத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போக வேண்டும். பார்த்துவிட்டால் காவல் கைமாறாது. திரும்ப ஏறி இரண்டு பேருமே விடியும்வரை உட்கார வேண்டும்.

உன்னைச் சன்னலில் உட்கார வைத்தவர்கள், இறங்கு என்று சொல்ல ஒருவரையும் வைக்கவில்லை. எனக்குத் தோன்றுகிற பிசகு அதுதான்.

அரையாண்டு விடுமுறைக்கு மேலே வா. அக்காவுக்குத் தனியாக எழுதுகிறேன். அதை உன்னைத்தான் சத்தமாகப் படிக்கச் சொல்வாள். சிரித்துவிடாதே.

செவ்வந்தி


6.12.1987

அன்புள்ள அக்கா பச்சையம்மாளுக்கும் மாமாவுக்கும் செவ்வந்தி வணக்கம் சொல்லி எழுதுவது.

எல்லாரும் சுகமென்று நம்புகிறேன். நான் அப்படியொன்றும் சுகமில்லை. தடுப்பூசி போடப் போன இடத்தில் பாறை வழுக்கிக் கால் சுளுக்கிக்கொண்டது. ஆபத்தில்லை, ஆனால் தண்ணீர் எடுக்க முடியவில்லை. மணியை விடுமுறைக்கு ஒரு ஐந்து நாள் அனுப்பிவைத்தால் உதவியாக இருக்கும். புத்தகங்களோடு அனுப்பவும். இங்கே சத்தமில்லாததால் நன்றாகப் படிக்கலாம்.

தம்பி பகலவனுக்கு ஜாமீன் கிடைக்க எல்லாத் தெய்வத்தையும் கும்பிடுகிறேன்.

செவ்வந்தி


5.1.1988, காலை

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். எல்லாரும் சௌக்கியம். உங்கள் சுளுக்கு எந்தக் காலில் என்று அம்மா கேட்டாள். நான் இடது என்றேன். நீங்களும் இடது என்றே எழுதுங்கள்.

ஐந்து நாளைக்கு என்று வந்தவள் பன்னிரண்டு நாள் இருந்துவிட்டேன். முதலமைச்சர் இறந்த செய்தி ரேடியோவில் வந்ததும் பஸ் எல்லாம் நின்று, கீழே என்ன ஆகிறதோ என்று நான் பயந்ததும், "மேல இருக்கவளுக்கு கீழ நடக்கறத நிறுத்த முடியுமா, இன்னும் ரெண்டு களி தின்னு" என்று சாலம்மாள் அக்கா சொன்னதும் உங்களுக்கே தெரியும். உங்களுக்குத் தெரியாததை எழுதுகிறேன்.

முதல் முறை நீங்கள் என்னைப் பரணில் ஏற்றிவிட்டுப் போன இரவு, மூங்கிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். வானம் தலைக்கு மேலே இருக்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அங்கே அது கால் மட்டம்வரை இறங்கியிருந்தது. மலைக்குக் கீழே, நம் ஊர்கள் இருக்கும் பக்கத்தில், உள்ளங்கை அளவுக்கு ஒரு மங்கல் வெளிச்சம். "அதான் உங்க சீமை" என்றது, எனக்கு இடம் விட்டு இறங்கிய சாலம்மாள் அக்கா. எங்கள் வீடு, சன்னல், ஏரிக்கரை, ஜீப், கடலூருக்குப் போகிற ரோடு, நான் பயந்த அத்தனையும் அந்த உள்ளங்கைக்குள் இருந்தது. கையை நீட்டி மறைத்துப் பார்த்தேன். மறைந்தது. எனக்குக் கண்ணீர் வந்தது, துக்கத்தில் இல்லை. இவ்வளவு பெரிய இருட்டு யாரும் காவல் இல்லாமல் தானாக நிற்கிறதே என்று.

அடுத்த முறைக்காரி கீழே வந்து, "வந்துட்டேன், எறங்கு" என்றாள். நான் இறங்கினேன். பத்தடி போவதற்குள் திரும்பிப் பார்த்துவிட்டேன். "பாத்துட்டா பாரு, கீழ்நாட்டுப் பொண்ணு" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏறு மேல. இனி எனக்கும் தூக்கம் போச்சு." விடியும்வரை இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். மறுநாளும் பார்த்தேன். மூன்றாம் நாள் கையைக் கட்டிக்கொண்டு, காலை மட்டும் பார்த்து நடந்து, உங்கள் வீட்டுக் கதவைச் சாத்தும்வரை திரும்பவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதத் தெரியவில்லை. படுத்தது தெரியும். விடிந்தது தெரியும். நடுவில் ஆறு மணி நேரம் நான் எங்கே இருந்தேன்? மூச்சு யார் விட்டது? நான் இல்லாதபோதும் நெஞ்சு அடித்துக்கொண்டு, நகம் வளர்ந்துகொண்டு, எல்லாம் நடந்திருக்கிறது. எழுந்து என் கையையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் எல்லாருக்கும் இது நடக்கிறது, யாரும் பேசிக்கொள்வதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோபித்துக்கொண்டாலும் சரி. நீங்கள் தூங்குவதில்லை. நான் தூங்க ஆரம்பித்த பிறகுதான் அது எனக்குத் தெரிந்தது. எப்போது கண் விழித்தாலும் உங்கள் விளக்கு எரிகிறது. பன்னிரண்டு மணிக்கு வறக்காப்பி போடுகிறீர்கள். பாயிலேயே பதிவேட்டை விரித்து எழுதுகிறீர்கள். எனக்கு எழுதிய விதிகளில் ஒன்றுகூட உங்கள் வீட்டில் இல்லை.

உங்கள்
மணிமொழி


15.1.1988

அன்பு மணிக்கு,

பொங்கல் இங்கே நன்றாகவே பொங்கியது. இடது கால்தான்.

பிடிபட்டேன். ராத்திரி யாராவது வந்து, வலி கண்டுவிட்டது என்று கதவைத் தட்டுவார்களோ என்று காது வெளியிலேயே இருக்கிறது. ஒரு முறை நாலு மைல் நடந்து போய்ச் சேர்வதற்குள் காரியம் கைமீறிவிட்டது. இரண்டு வருஷம் முன்பு. அவ்வளவுதான் எழுதுவேன். விதிகளை எல்லாம் நான் எனக்கே எழுதி வைத்திருந்த தாளிலிருந்துதான் உனக்கு எழுதினேன். அந்தத் தாள் புத்தம் புதிதாக இருக்கிறது.

சரி, சேர்ந்தே செய்வோம். காப்பியை விட்டாயிற்று, இன்று மூன்றாம் நாள், தலை இடிக்கிறது. பதிவேடு மேசைக்குப் போய்விட்டது.

கீழே உனக்குப் பரண் இல்லை. அதனால் தினம் பத்து மணிக்கு நான் இங்கே இருந்து "வந்துட்டேன், எறங்கு" என்கிறேன். நீ திரும்பிப் பார்க்காதே. பதினொன்றுக்கு நான் சாலம்மாளிடம் ஒப்படைத்துவிடுவேன். அவள் அடுத்தவளிடம். விடியற்காலை ஐந்தரைக்கு நீ எழுந்து எங்கள் எல்லாரையும் இறக்கிவிடு.

பகலவன் வந்ததும் அவனிடம் நீயே சொல். நான் சொல்ல மாட்டேன்.

செவ்வந்தி


8.2.1988

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

அண்ணன் வந்துவிட்டான். தாடி, இளைப்பு, மற்றபடி சுகம். வழக்கு முடியவில்லை, வாய்தாவுக்குக் கள்ளக்குறிச்சிக்குப் போய்வர வேண்டும். உங்கள் தலைவலி நின்றதா?

நாலு நாள் சொல்லாமல் சுற்றினேன். நேற்று அவன் பம்புசெட்டில் குளித்துக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

"அண்ணா, அன்னிக்கி நான் கயித்த இழுக்கல. தூங்கிட்டேன்."

சோப்பு நுரையோடு என்னைப் பார்த்தான். "தெரியுமே."

"எப்படி?"

"மூணு மணி இருக்கும், கால் கயித்த அவுத்துட்டு தண்ணி குடிக்க வந்தேன். நீ சன்னல்ல மூஞ்சிய வெச்சிக்கினு தூங்கிக்கினு இருந்த. எச்சி வேற ஒழுவிக்கினு."

"எழுப்பறதுக்கு இன்னா?"

"பன்னண்டு நாளா முழிச்சிக்கினு இருந்த புள்ளய எப்படி எழுப்பறது? போர்வய போத்திட்டு, இன்னிக்கி நாம பாத்துக்கலாம்னு வாசல்ல உக்காந்தேன்." தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டான். "ஒரு நாழிதான் உக்காந்தேன். அப்பறம் நானும் தூங்கிட்டேன். போலீஸ்காரர்தான் தோள தொட்டு எழுப்புனாரு. எழுந்திரு தம்பி, மீதிய ஜீப்ல தூங்குன்னாரு."

இதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். "காவலுக்கு உக்காந்தவன் தூங்கி மாட்டிக்கினான்னா ஊர்ல என்னைய வுடுவானுங்களா? அம்மா சொல்றதே மரியாதையா இருந்துச்சி."

நாலு மாதம் ஒரே இரவை இரண்டு பேரும் இரண்டு ஊரில் ஒளித்து வைத்திருக்கிறோம். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். துப்பாக்கிக்கும் பட்டியலுக்கும் பயந்து ஒரு தெருவே முழித்திருந்தது. அத்தனையையும் தாண்டி வந்து, முதலில் என்னையும் பிறகு அவனையும் அந்தத் தூக்கம் தொட்டிருக்கிறது. எவ்வளவு வலு அதற்கு. அதையா நான் துரத்திக்கொண்டிருந்தேன்?

இப்போது பெரும்பாலான நாள் ஐந்து மணி நேரம் வருகிறது. உரித்த குவியல் சிறிதாகிக்கொண்டு வருவதால் அம்மா திட்டுகிறாள். "வர வர சோம்பேறித்தனம் ஜாஸ்தி ஆயிடுச்சி. ஒரு படி மல்லாட்டைக்கு மூணு நாளு."

அன்புடன்
மணிமொழி


10.3.1988, இரவு

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

நான் சுகம். போன கடிதத்தில் வாரத்தில் ஐந்து நாள் பதினொரு மணிக்கே தூங்கிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். மற்ற இரண்டு நாளும் பிரசவம்தானே? காப்பி இல்லையே?

இன்று அண்ணனுக்கு வாய்தா. அப்பாவும் அம்மாவும் அவனோடு கள்ளக்குறிச்சிக்குப் போயிருக்கிறார்கள். ஏழு மணி பஸ்ஸில் வந்துவிடுவோம் என்றார்கள். இப்போது ஒன்பதாகப் போகிறது. கடைசி பஸ்ஸில் வருவார்களாக இருக்கும். ஜெயம்மாள் அத்தை இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. கதவைத் தாழ்போட்டுவிட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். போன அக்டோபராக இருந்தால் இந்நேரம் எனக்கு உயிர் போயிருக்கும். இன்றைக்கும் பயம் இருக்கிறது, ஆனால் அது ஒரு ஓரமாக உட்கார்ந்திருக்கிறது.

தேர்வுக்கு இன்னும் பதினைந்து நாள். கணக்கில் வட்டங்கள் மட்டும் பாக்கி. சொல்ல வெட்கமாக இருக்கிறது, பாயில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஒரு நாள் மட்டும் மன்னித்துவிடுங்கள். அவர்கள் வந்து கதவைத் தட்டினால் நான்தான் எழுந்து திறக்க வேண்டும், அதனால் இன்று அவர்கள் வரும்வரை எப்படியும் தூங்கா


11.3.1988, காலை

சின்னம்மாவுக்குப் பகலவன் வணக்கம் சொல்லி எழுதுவது.

மேலே உள்ளதை நான் படிக்கவில்லை. கடைசி வரி மட்டும் கண்ணில் பட்டது. பேனா தாளை விட்டு இறங்கிப் பாய்வரைக்கும் போயிருக்கிறது. அவள் இன்னும் இதைத் தேடவில்லை, பால் சொசைட்டிக்குப் போயிருக்கிறாள். அதற்குள் எழுதி உறையில் போட்டுவிடுகிறேன். என்னைக் காட்டிக்கொடுக்காதீர்கள்.

நேற்று பஸ் வழியில் பஞ்சர். நாங்கள் வீட்டுக்கு வந்தபோது பத்தே முக்கால். கதவைத் தட்டினோம். முதலில் நான், பிறகு அப்பா, பிறகு மூன்று பேரும். "மணி, ஏ மணி" என்று அம்மா கூப்பிட்டதில் தெரு நாய்கள் எல்லாம் வந்துவிட்டன. ஜெயம்மாள் அத்தை விளக்கோடு வந்தது. எதிர்வீட்டுக் கண்ணாயிரம் மாமா, திரும்பவும் ஜீப்பு வந்துவிட்டது என்று நினைத்துப் பின்கதவு வழியாக ஓடி, பாதி வழியில் விசாரித்துத் திரும்பி வந்தார். இவள் மட்டும் எழவில்லை.

அம்மா பயந்துபோய்ச் சன்னலைத் தள்ளினாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள், கையில் பேனா. நாங்கள் எல்லாரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். மூச்சு ஏறியது, இறங்கியது. ஏறியது, இறங்கியது. தேரைப் பார்ப்பதுபோல அத்தனை பேரும் சத்தமில்லாமல் நின்றுகொண்டிருந்தோம். அம்மா மெதுவாகச் சொன்னாள். "அக்டோபர்லேருந்து எத்தினி ராத்திரி இவ பக்கத்துல நானும் கண்ண மூடிக்கினு முழிச்சிக்கினே கெடந்தேன் தெரியுமாடா. கேட்டா இன்னும் பயந்துக்கும்னு கேக்கல." அதுவரை எனக்கும் அப்பாவுக்கும் அது தெரியாது.

நான் கதவை இன்னொரு முறை ஓங்கித் தட்டக் கையைத் தூக்கினேன். அப்பா பிடித்துக்கொண்டார். "வுடுடா. தூங்கட்டும்."

மூன்று பேரும் மாட்டுக் கொட்டகையில் வைக்கோலை உதறிப் படுத்தோம். கொசுக் கடியில் அம்மாவுக்குத்தான் முதலில் குறட்டை வந்தது.

சரியாக ஐந்தரைக்குக் கதவு திறந்தது. பால் செம்போடு வெளியே வந்தவள், வைக்கோல் ஒட்டிய தலையோடு கொட்டகை வாசலில் நின்ற எங்களைப் பார்த்தாள்.

"எப்ப வந்தீங்க?"

"இப்பத்தான்" என்றார் அப்பா.